அறிமுகக் கையெழுத்து

திருவள்ளூரை அடுத்த திரூர் என்றதும் வேளாண்மைத் துறைக்காரர்களுக்கு அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையம்தான் நினைவுக்கு வரும். டி.கே.எம். என்று தொடங்கும் நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தவை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வயல்களை நிறைத்த ஐ.ஆர்.20 ரகத்துக்கு டி.கே.எம்.6 ஒரு பெற்றோர். அதே ஊருக்கு இன்னொரு பழம்பெருமையும் உண்டு. 1904 ஆகஸ்ட் 30 அன்று அங்கே ஒரு வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. சென்னை மாகாணத்தில் அவ்வகைச் சங்கங்களில் அதுவே முதலாவது. அதற்கான சட்டமே அந்த ஆண்டு மார்ச்சில்தான் வந்திருந்தது. ஐந்து மாதம் கழிந்ததும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம் ஒன்று முந்திக்கொண்டுவிட்டது.

அந்தச் சட்டத்துக்கு விதை போட்டவர்களில் ஒருவர் பிரெடரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. குடியானவர்களுக்கென்று வங்கி நடத்த முடியுமா என்று பார்த்துச் சொல்லும் வேலையைச் சென்னை அரசு அவரிடம் கொடுத்தது. 1895-இலும் 1897-இலும் இரண்டு தடித்த தொகுதிகளாக அவர் அறிக்கை வந்தது. ஐரோப்பிய வங்கி முறைகளை அலசியதோடு நிற்காமல், சென்னையில் மாதச் சந்தா கட்டி நடத்தப்பட்டு வந்த நிதிகளையும் அவர் துருவிப் பார்த்தார். முடிவில் அவர் கை காட்டியது, ஜெர்மனியின் ரைன் நதிப் பக்கத்துக் கிராமங்களில் ரைபைசன் என்பவர் தொடங்கிய முறையை. இங்கேயும் அப்படியொரு ஆளைக் கண்டுபிடியுங்கள் என்பதே அத்தனை பக்கங்களின் சாரம்.

சென்னையில் அப்போது வங்கி இல்லாமல் இல்லை. 1843 முதலே பேங்க் ஆஃப் மெட்ராஸ் இயங்கி வந்தது. ஆனால் நிலத்தை அடமானமாகப் பெற்றுக் கடன் தரக் கூடாது என்று 1876-ஆம் ஆண்டின் மாகாண வங்கிகள் சட்டம் அதன் கையைக் கட்டியிருந்தது. நிலத்தைத் தவிர வேறு சொத்தில்லாத குடியானவருக்கு அந்த வாசலில் என்ன வேலை? அவர் போன இடம் ஊரிலேயே இருந்த வட்டிக்காரர் வீடு. அங்கே ஆவணம் கேட்கமாட்டார்கள்; ஆளைத் தெரியும், அவ்வளவுதான்.

ரைபைசன் முறையின் சூட்சுமம் இந்த ‘ஆளைத் தெரியும்’ என்பதை வட்டிக்காரரிடமிருந்து எடுத்து ஊரிடம் கொடுத்ததில் இருந்தது. 1904 சட்டப்படி ஓர் ஊரைச் சேர்ந்த 18 வயது நிரம்பிய பத்துப் பேர் கூடினால் சங்கம் அமைக்கலாம். கிராமச் சங்கம் என்றால் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினர் உழவர்களாக இருக்க வேண்டும். முக்கியமான விதி இனிமேல்தான்: பொறுப்புக்கு வரம்பு கிடையாது. ஒருவர் கடனைக் கட்டாமல் போனால் மற்ற எல்லோருடைய சொத்தும் அதற்குப் பதில் சொல்லும். அதனால் யாரை உறுப்பினராகச் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில், ஒவ்வொருவரும் தன் சொந்த நிலத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வாய் திறந்திருப்பார். இன்று கணினி கொடுக்கும் கடன் மதிப்பெண்ணை அன்று பக்கத்து வயல்காரர் கொடுத்தார். மாகாணத்தின் முதல் பதிவாளரான பி. ராஜகோபாலாச்சாரி, அதற்கு முன் கொச்சியிலும் பின்னர் திருவிதாங்கூரிலும் திவானாக இருந்தவர். அவ்வளவு பெரிய நிர்வாகியை இந்தச் சின்னச் சங்கங்களுக்குப் பொறுப்பாகப் போட்டதிலிருந்தே அரசு இதை எப்படிப் பார்த்தது என்பது தெரியும்.

ஊர் என்றால் யாருடைய ஊர் என்ற கேள்வியைச் சட்டம் கேட்கவில்லை. அதைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டிருந்தார். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ஜே.எச்.ஏ. ட்ரெமன்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து எழுதிய குறிப்பிலிருந்துதான், அவர்களைப் போன்றோருக்கு நிலம் ஒதுக்கிய 1892-இன் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அற்பத் தொகைக்காகத் தங்கள் உழைப்பையே அடகு வைத்து, பண்ணையை விட்டு அகல முடியாமல் கிடந்த படியாட்களைப் பற்றி அவர் விரிவாக எழுதினார். ஒருவருக்கொருவர் நிலத்தை ஈடு காட்டும் சங்கத்தில், நிலமே இல்லாதவர் எதைக் காட்டுவார்? ஆக, முதல் கூட்டுறவுக் கடன் சங்கத்தைக் கண்ட அதே மாவட்டத்தில்தான், வாங்கிய கடனால் ஆளே பிணையாகிப்போன வரலாறும் இருக்கிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே நெடுங்காலம் ஓடின.

கூட்டுறவின் கதை அதன் பிறகு எதிர்பார்த்தபடி போகவில்லை. சங்கங்கள் பெருகின, திருவல்லிக்கேணியிலும் காஞ்சிபுரத்திலும் நகரக் கூட்டுறவுகளும் அதே ஆண்டில் முளைத்தன. ஆனால் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1951-52-இல் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வில், குடியானவர் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 சதவீதம். வணிக வங்கிகளின் பங்கு 0.9 சதவீதம். ஏறக்குறைய 70 சதவீதம் வட்டிக்காரர்களிடமிருந்து வந்திருந்தது. 1954-இல் வெளியான அந்த அறிக்கையைப் படித்த எவரும் வட்டிக்காரரை வெறும் வில்லன் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் பக்கத்தில் இருந்தார். இராத்திரியிலும் கதவைத் திறந்தார்.

இங்கே ஒரு தாவல் தாவி 2025-க்கு வரலாம். அந்த ஆண்டு மே மாதம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பயிர்க்கடன் கொடுக்கும்போது, ஒருவரின் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையையும் பார்க்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சுற்றறிக்கை போயிற்று. விவசாயச் சங்கங்கள் கொதித்தன. சிபில் மதிப்பெண் கட்டாயமில்லை, வேறு வங்கியில் அதே பயிருக்குக் கடன் நிலுவை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே அந்த அறிக்கை என்று அமைச்சர் கே.ஆர். பெரியகருப்பன் விளக்க வேண்டியதாயிற்று. ஆளைத் தெரிந்து கடன் தருவதற்காகவே பிறந்த அமைப்பு, ஆளைத் தெரிந்துகொள்ள மும்பையில் உள்ள ஒரு நிறுவனத்தின் பதிவேட்டைப் புரட்டப் போனது வேடிக்கைதான். ஆனால் விளக்கம் சொன்ன பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒரே வயலைக் காட்டி இரண்டு இடத்தில் வாங்கிய கடனைப் பக்கத்து வயல்காரர் இப்போது அறியமாட்டார். அவரே சென்னையில் வேலை பார்க்கிறார்.

கடன் கேட்பவரை எடை போடுவது சரி; கணக்குத் தொடங்க வருகிறவரை? கடன் வேறு, கணக்கு வேறு. வங்கியில் பணம் போடுகிறவர் வங்கிக்குக் கடன் கொடுக்கிறார். அவரைப் பார்த்து வங்கி பயப்பட என்ன இருக்கிறது? பயப்பட வேண்டியவர் பணம் போடுகிறவர்தான். சென்னையில் அதற்கு நல்ல பாடம் கிடைத்தது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தபோது, வெள்ளைக்காரன் வீட்டில் பணம் பத்திரம் என்று நம்பிப் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்த இடிபாட்டிலிருந்து எழுந்ததே இந்தியன் வங்கி. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்கை எடுக்க, 1907-இல் அது தொடங்கியது. 1882 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாட்டின் பல பகுதிகளில் திறக்கப்பட்ட தபால் ஆபீஸ் சேமிப்பு வங்கியோ ஏழை எளியவர் சில அணாக்களைப் போட்டு வைக்கும் இடமாக இருந்தது. சேமிக்க வருகிறவரின் பழைய கடன்களைப் பற்றி அங்கே யாரும் விசாரிக்கவில்லை.

அப்படியானால் ஏழைக்கு வங்கிக் கதவை அடைத்தது எது? பெரும்பாலும், ஒரு கையெழுத்து.

ஐம்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் அந்தப் படிவம் நினைவிருக்கும். கணக்குத் தொடங்க வேண்டுமானால், அதே கிளையில் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். இந்த வழக்கத்தின் வேர் காசோலைச் சட்டத்தில் இருக்கிறது. திருட்டுக் காசோலையை ஒருவர் கணக்கில் போட்டுப் பணமாக்கிவிட்டால், உண்மையான உரிமையாளர் வங்கி மேல் வழக்குப் போடலாம். நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவில்லாமலும் நடந்துகொண்டோம் என்று வங்கி காட்டினால்தான் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்து 131-ஆம் பிரிவு அதைக் காக்கும். 1914-இல் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. லாட்புரோக் என்ற பந்தய நிறுவனம் ஒருவருக்கு அனுப்பிய காசோலையைத் தபாலில் திருடிய ஆசாமி, தானே அந்த நபர் என்று சொல்லி டாட் என்பவரின் வங்கியில் கணக்குத் தொடங்கிப் பணத்தோடு மறைந்துவிட்டான். ஆளைப் பற்றி ஒரு வார்த்தைகூட விசாரிக்காமல் கணக்குத் தொடங்கியது கவனக்குறைவு என்று நீதிமன்றம் வங்கியைப் பொறுப்பாக்கியது. அதன் பிறகு அறிமுகம் இல்லாமல் கணக்குத் தொடங்க எந்த மேலாளருக்குத் துணிவு வரும்? லண்டனில் ஒரு திருடன் செய்த காரியத்துக்கு, வாழ்நாளில் காசோலையைக் கண்ணால் பார்த்திராத திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டிக் கூலித் தொழிலாளி அறிமுகக் கையெழுத்துக்கு அலைய நேர்ந்தது.

ஊர்க்காரருக்கு இது பெரிய தொல்லை இல்லை. வாத்தியார், மளிகைக்கடைக்காரர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர் என்று யாராவது போடுவார்கள். வெளியூரிலிருந்து வந்தவருக்கு யார் போடுவது?

கும்மிடிப்பூண்டி வெளியூர்க்காரர்களால் வளர்ந்த இடம். 1971-இல் தொடங்கப்பட்ட மாநில அரசின் சிப்காட் நிறுவனம் இங்கே தொழில் வளாகம் அமைத்ததும், சென்னைக்கு வடக்கே புறநகர் ரயில் போகும் இந்த ஊரில் இரும்பு உருக்கு ஆலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் வந்தன. கொல்கத்தா நெடுஞ்சாலை, ரயில் பாதை, எட்டும் தூரத்தில் துறைமுகம், ஆந்திர எல்லை. ஆலை வைக்க இதைவிட வாகான இடம் வேண்டுமா? முதலில் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்தும் நெல்லூர்ப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பிறகு பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம். கான்ட்ராக்டர் கூட்டி வந்த ஆளுக்குக் கான்ட்ராக்டர்தான் முதலாளி, முகவரி, அறிமுகம் எல்லாம். கூலி கையில் வந்தது. கையில் வந்தது ஊருக்குப் போகும் யாரிடமாவது கொடுத்தனுப்பப்பட்டது, அல்லது தண்டலுக்குப் போயிற்று.

தண்டல் என்பது வடசென்னையும் திருவள்ளூரும் நன்கறிந்த ஏற்பாடு. பத்தாயிரம் என்று பேசி, வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பார்கள்; தினம் 100 ரூபாயாக நூறு நாளில் முழுப் பத்தாயிரமும் திரும்ப வர வேண்டும். மாலையில் சிறு நோட்டோடு வண்டியில் வருகிற தண்டல்காரருக்குச் சிபில் வேண்டாம், ஆதார் வேண்டாம். கடை எங்கே, வீடு எங்கே என்று தெரிந்தால் போதும். தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி என்ற வரிசையில் தண்டலையும் பெயர் சொல்லித் தடை செய்தது. சட்டப் புத்தகத்தில் தெருப்பேச்சு இவ்வளவு தாராளமாக இடம்பெற்ற தருணம் அதிகம் இல்லை. தண்டல் மட்டும் நிற்கவில்லை.

நோட்டில் எழுதப்படும் கடனின் கொடிய வடிவம் சிப்காட் ஆலைகளில் இல்லை. அது செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் இருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அதற்கு 35 ஆண்டுகள் கழித்து, 2011-இல், திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளை ஒன்றிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த 500-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். செங்குன்றம் வட்டாரத்து அரிசி ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்களை மீட்டதும் உண்டு. எல்லா இடத்திலும் தொடக்கம் ஒன்றே: முன்பணம். ஊரில் கையில் வாங்கிய சில ஆயிரம் ரூபாய். அது எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்பது முதலாளியின் நோட்டுக்கு மட்டுமே தெரியும். ஒருவருடைய கடன் வரலாறு முழுவதையும் கடன் கொடுத்தவரே எழுதி, அவரே வைத்துக்கொண்டு, அவரே படித்துச் சொல்லும் இந்த ஏற்பாட்டை ட்ரெமன்ஹீர் பார்த்திருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பார்.

மீட்கப்பட்டவருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் கொடுக்கும் விடுதலைச் சான்றிதழ், அந்தப் பழைய கடன் சட்டப்படி ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது என்பதற்குச் சான்று. 2016-இல் மத்திய அரசு மறுவாழ்வுத் தொகையைக் கூட்டியது: வயது வந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையிலிருந்து மீண்டவர்களுக்கு 3 லட்சம் ரூபாய். அந்தப் பணம் வந்து சேர ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். வாழ்நாள் முழுவதும் கடன்காரர் என்ற பெயரோடு இருந்தவர், சேமிப்புக் கணக்கின் படிவத்தோடு வங்கிக்குள் முதன்முதலாக நுழைந்தது அப்படித்தான். 2022-இல் இதே மாவட்டத்தில், மீட்கப்பட்ட இருளர்களே நடத்தும் ‘சிறகுகள்’ என்ற செங்கல் சூளையை மாவட்ட நிர்வாகம் தொடங்கி வைத்தது. ஆட்சியராக அப்போது ஆல்பி ஜான் வர்கீஸ் இருந்தார். எந்தத் தொழிலில் அடிமைப்பட்டார்களோ அதே தொழிலைக் கூலிக்காரராக இல்லாமல் உரிமையாளராகச் செய்ய வைத்தது நல்ல யோசனை.

அறிமுகக் கையெழுத்தின் பிடி தளர்ந்தது 2005-க்குப் பிறகு. பணச்சலவையைத் தடுக்கிறோம் என்று ரிசர்வ் வங்கி 2002 முதல் அடையாள விதிகளை இறுக்கி வந்தது. அதன் அடி ஏழைகள் மேல் விழுவதை ஒய்.வி. ரெட்டி ஆளுநராக இருந்தபோது ஒப்புக்கொண்டது. 2005 நவம்பரில், குறைந்த இருப்பு எதுவும் இல்லாமலோ மிகச் சிறிய இருப்புடனோ ‘நோ ஃப்ரில்ஸ்’ கணக்குகளைத் தொடங்கும்படி வங்கிகளுக்குச் சொன்னது. அதை முதலில் செய்து காட்டிய ஊர் புதுச்சேரியின் மங்கலம். அங்கே எல்லாக் குடும்பங்களுக்கும் கணக்கு என்ற முயற்சியை நடத்தியது இந்தியன் வங்கி. அதன் தலைவர் கே.சி. சக்ரவர்த்தி பின்னாளில் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநரானார். இதில் சுவையான விஷயம், அதற்குப் பத்தாண்டு முன்பு இந்தியன் வங்கியே வாராக்கடனில் மூழ்கிக் கிடந்தது. 1995-96-இல் மட்டும் அதன் நட்டம் 1,336 கோடி ரூபாய். அரசு முதல் போட்டுத் தூக்கி நிறுத்தியது. சிபில் மதிப்பெண் வங்கிகளுக்கும் உண்டென்றால் அன்று அதற்கு 300-க்கு மேல் கிடைத்திருக்காது.

2010 டிசம்பரில் இன்னொரு படி. அடையாளச் சான்று எதுவுமே இல்லாதவர், தானே கையெழுத்திட்ட ஒரு புகைப்படத்தைக் கொடுத்து, வங்கி அதிகாரி முன்னிலையில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் ‘சிறு கணக்கு’ தொடங்கலாம் என்று விதி மாறியது. ஆண்டுக்கு 1 லட்சத்துக்கு மேல் வரவு கூடாது, மாதம் 10,000-க்கு மேல் எடுக்கக் கூடாது, இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது என்ற கட்டுகள் இருந்தன. தனக்குத் தானே அறிமுகம். 2012 ஆகஸ்டில் ‘அடிப்படைச் சேமிப்புக் கணக்கு’ வந்தது: குறைந்த இருப்பே வேண்டாம், ஏ.டி.எம். கார்டு இலவசம், மாதம் நான்கு முறை பணம் எடுக்கலாம். 2014 ஜூனில், நிரந்தர முகவரியோ தற்போதைய முகவரியோ ஏதாவது ஒன்றுக்குச் சான்று இருந்தால் போதும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. சிப்காட் வாசலில் வாடகை அறையில் ஆறு பேராகத் தங்கியிருந்த பீகார்த் தொழிலாளிக்கு இந்த ஒரு வரி மற்ற எல்லாச் சலுகைகளையும்விடப் பெரிது. அறைக்கு வாடகைச் சீட்டு ஏது, மின்கட்டண ரசீது ஏது?

அதே ஆண்டு ஆகஸ்ட் 28-இல் ஜன் தன் திட்டம் தொடங்கியது. முதல் நாளிலேயே ஒன்றரைக் கோடிக் கணக்குகள். அந்த ஒரு வாரத்தின் கணக்கு 1,80,96,130 என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. எண்ணிக்கையின் மேல் வைத்த ஆசையில் வெறும் கணக்குகளும் குவிந்தன; கிளைகளே ஒற்றை ரூபாயைப் போட்டு ‘இருப்பு உள்ள கணக்கு’ என்று காட்டியதாக 2016-இல் செய்தி வந்தது. பிறகு வந்த பணமதிப்பிழப்பு கணக்கில்லாதவரையும் வங்கி வரிசைக்குத் தள்ளியது. 2016 டிசம்பர் 28 முதல், தொழிலாளியின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமலே கூலியைக் கணக்கில் போடலாம் என்று கூலிச் சட்டம் திருத்தப்பட்டது.

இத்தனை விதிகளிலும் ஒரு சொல் இல்லை: கடன் மதிப்பெண். பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே சாதாரண நடப்புக் கணக்கோடு ஓவர்டிராஃப்ட் வசதி ஒட்டிக்கொண்டே வரும். அதனால் கணக்குத் தொடங்க வருகிறவரின் கடன் பதிவை வங்கி பார்க்கிறது, பழைய பாக்கி இருந்தால் மறுக்கிறது. அப்படி மறுக்கப்பட்டவர்களுக்காக ஓவர்டிராஃப்ட் இல்லாத அடிப்படைக் கணக்குகளை அங்கே தனியாக உண்டாக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் சிபில் 2000-இல்தான் பிறந்தது. சேமிப்புக் கணக்குப் படிவத்தில் அதற்கு இடமில்லை. ஐந்து இடத்தில் டியூ நிற்கிறவரும் ஆதாரோடு போனால் அடிப்படைக் கணக்கு கிடைக்கும். ஜன் தன் கணக்கிலும் ஓவர்டிராஃப்ட் உண்டு. முதலில் 5,000 ஆக இருந்தது 2018-இல் 10,000 ஆயிற்று. ஆனால் அது கணக்கை ஆறு மாதம் ஒழுங்காக நடத்திய பிறகு கேட்டுப் பெற வேண்டியது. வங்கி ஆளை எடை போடத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

இதற்கிடையில் மதிப்பெண்ணே வீடு தேடி வந்துவிட்டது. 2010-இல் ஆந்திராவில் நுண்கடன் நெருக்கடி வெடித்த பிறகு, நுண்நிதி நிறுவனங்கள் தங்கள் கடன் விவரங்களைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிப்பது கட்டாயமாயிற்று. வாரக் குழுவில் ஒருவருக்கொருவர் ஜாமீனாக உட்கார்ந்த பெண்கள், வங்கி வாசல் மிதிக்கும் முன்பே பதிவேட்டில் ஏறினார்கள். இரண்டு வாரம் டியூ தவறினால் அதுவும் ஏறும். முதன்முறை கடன் கேட்பவரைக் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தட்டிக் கழிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025-இல் சொன்னது. வரலாறு இல்லாதவருக்கு அது சரி. கெட்ட வரலாறு உள்ளவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

கணக்குத் தொடங்கத் தடையில்லை என்பதால், கடன் கணக்கை மறந்துவிட்டது என்று பொருளாகாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்து 171-ஆம் பிரிவு வங்கியாளருக்குப் பொதுப் பற்றுரிமை கொடுத்திருக்கிறது. அதோடு, ஒரே ஆளின் வரவையும் பாக்கியையும் ஈடுகட்டும் உரிமையும் வழக்காறாக வந்திருக்கிறது. கடன் நிற்கிற வங்கியிலேயே கணக்கும் இருந்தால், உள்ளே விழும் பணம் வெளியே வரும் என்ற உறுதி இல்லை. குறைந்த இருப்பு இல்லாததற்கான அபராதம் தனி. பாரத ஸ்டேட் வங்கி 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை அந்த வகையில் மட்டும் வசூலித்தது சுமார் 1,771 கோடி ரூபாய்; எதிர்ப்பு கிளம்பி, 2020-இல் அதைக் கைவிட்டது. அடிப்படைக் கணக்குக்கு இந்த அபராதம் இல்லை. ஆனால் தன் கணக்கு அடிப்படைக் கணக்கா சாதாரணக் கணக்கா என்பது பாஸ்புக்கைப் புரட்டினால் எல்லோருக்கும் விளங்குவதில்லை.

இந்தப் பிடித்தம் பெரிய அளவில் வெளிச்சத்துக்கு வந்தது 2023 செப்டம்பரில். கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் 1,000 ரூபாய் விழுந்தது. சில கணக்குகளில் விழுந்த வேகத்தில் சேவைக் கட்டணத்துக்கும் பழைய பாக்கிக்கும் போய்விட்டது. எந்தக் காரணத்துக்காகவும் அந்தப் பணத்தில் கைவைக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட்டார்; பிடித்தால் 1100 என்ற எண்ணில் புகார் செய்யலாம் என்றார். அதற்கு முந்தைய ஆண்டே, ரேஷன் அட்டை வைத்திருந்தும் வங்கிக் கணக்கு இல்லாத 14.60 லட்சம் பேருக்கு மத்தியக் கூட்டுறவு வங்கிகளில் இருப்புத் தேவையில்லாத கணக்குத் தொடங்கச் சொல்லிக் கூட்டுறவுத் துறை உத்தரவிட்டிருந்தது. திருவள்ளூர் மாவட்டம் இதில் காஞ்சிபுரம் மத்தியக் கூட்டுறவு வங்கியின் எல்லைக்குள் வருகிறது.

அரசுப் பணம் கணக்கில் விழுந்தது அதற்கு முன்பும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர் மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தை அரசு வங்கிக் கணக்கில் போட்டது. எட்டு ஆண்டு கழித்து மிக்ஜாம் புயல் அதே பக்கத்தைப் புரட்டிப் போட்டது. இந்த முறை 6,000 ரூபாய். டோக்கன் கொடுத்து ரேஷன் கடையில் ரொக்கமாகக் கொடுத்தார்கள். வங்கியில் போடாமல் ஏன் கையில் கொடுக்கிறீர்கள் என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று, தடை கிடைக்கவில்லை. ரொக்கத்தில் வங்கி கைவைக்க முடியாது. தண்டல்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. டோக்கன் எந்தத் தேதிக்கு என்பது அவருக்கும் தெரியும். கடன் கொடுத்தவர்கள் மிரட்டி வசூலிப்பதைக் குற்றமாக்கும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு வந்தது அதற்கும் பின்னால், 2025 ஏப்ரலில்.